வலது முட்டியும் இரண்டு சென்டிமீட்டர் கட்டையும்: ஒரு ஸ்குவாட் பழுதுபார்ப்பு

போன வாரம் எடுத்த வீடியோவில், முதுகில் பார் (எடைத் தட்டுகள் மாட்டும் இரும்புத் தண்டு), மொத்தம் 140 கிலோ. மூன்று முறை குந்தி எழுந்திருக்கிறேன், அதுதான் ஸ்குவாட். மூன்றிலும் வலது முட்டி கால்விரல் போகும் திசையிலேயே போகிறது. இடுப்பும் தோளும் ஒன்றாக மேலே வருகின்றன. போன வருடம் இதே எடையில் எடுத்த வீடியோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாரோ வேறு ஆள் தூக்குகிற மாதிரி இருக்கிறது. இடையில் என்னென்ன செய்தோம், எதெது வேலைக்கு ஆகவில்லை, எவ்வளவு செலவானது என்று மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். எங்கள் ஜிம்மிலேயே, முட்டி உள்ளே சாயும் இதே கோளாறோடு சில தம்பிகள் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ஜிம் என்றதும் கண்ணாடிச் சுவரும் ஏர்கானும் நினைக்க வேண்டாம். மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்தில் உள்ள சுங்கை சிப்புட் டவுனில் கடைவரிசைக்குப் பின்பக்கம், முன்பு அரிசி மூட்டை அடுக்கி வைத்திருந்த இடம். ஒரு ராக் (பாரைத் தாங்கும் இரும்புச் சட்டம்), அதுவும் டவுனில் உள்ள வெல்டிங் பட்டறையில் அடித்தது. 20 கிலோ பார் இரண்டு. ஒன்று நேர், இன்னொன்று உருட்டிவிட்டால் ஆடும். வருகிறவர்களில் பாதிப் பேர் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர்கள், மீதிப் பேர் ஈப்போவுக்கு வேலைக்குப் போய் வருகிறவர்கள். நான் டவுனுக்கு வெளியே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் பிட்டர். வயது 41, எடை 86 கிலோ.

கோளாறு இதுதான். 100 கிலோ வரை எந்தப் பிரச்சினையும் இல்லை. 120-ஐத் தாண்டியதும் அடியிலிருந்து எழும் அந்த முதல் நொடியில் வலது முட்டி மட்டும் உள்ளே சாயும். இடுப்பு இடது பக்கம் நழுவும். 135-க்கு மேல் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும்: பார் அசைவதற்கு முன்பே இடுப்பு மட்டும் விருட்டென்று மேலே போய்விடும், நெஞ்சு கீழே தொங்கும், அப்புறம் முதுகால் நெம்பி நிமிர்வேன். இப்படியே 150 வரை போயிருக்கிறேன். முட்டியில் வலி இருந்ததில்லை. இருந்திருந்தால் இந்தக் கதை பிசியோவிடம் தொடங்கியிருக்கும். கீழ்முதுகு மட்டும் மறுநாள் ஷிப்டில் பிடித்துக்கொள்ளும்.

முதல் வேலை வீடியோ. அதற்கும் முன்னால் ராக்கைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. முழு ஆழத்தில் குந்தும்போது பார் தரையிலிருந்து 68 செ.மீ. உயரத்தில் நிற்கிறது. எங்கள் ராக்கில் பாதுகாப்புக் கம்பிக்கான ஓட்டைகள் 10 செ.மீ. இடைவெளியில் உள்ளன. 70-இல் கம்பியை வைத்தால் பார் அடியைத் தொடுவதற்கு முன்பே இடிக்கும். 60-இல் வைத்தால், விழும்போது 8 செ.மீ. மடங்கிய பிறகுதான் தாங்கும். அந்த இடத்தில் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். புதிய ஓட்டை போடலாம் என்றால் ராக்கைக் கழற்றிப் பட்டறைக்குத் தூக்கிப் போக வேண்டும். அதனால் தரையை உயர்த்தினோம். 18 மி.மீ. பிளைவுட் ஒரு தாள், 110 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). பாதியாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்று வைத்துத் திருகு போட்டு, ராக்குக்குள் நுழையும்படி ஓரத்தைச் சீவினால் 36 மி.மீ. மேடை கிடைத்துவிட்டது. இப்போது பாரின் அடிநிலை 71.6. 70-இல் இருக்கும் கம்பி ஒன்றரை சென்டிமீட்டர் கீழே காத்திருக்கிறது. கனமாகத் தூக்கிக்கொண்டே எதையாவது மாற்றிப் பார்க்கிறவர்கள் இந்த ஒரு அளவை எடுக்காமல் தொடங்க வேண்டாம்.

போனை வைக்க 20 லிட்டர் பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டோம். அடியில் குந்தும்போது இடுப்பு எந்த உயரத்தில் இருக்குமோ ஏறக்குறைய அந்த உயரம். நின்ற உயரத்தில் வைத்து எடுத்தால் மேலிருந்து பார்க்கிற கோணம் வந்து, ஆழமும் தெரியாது, இடுப்பு நழுவுவதும் தெரியாது. பின்னால் இரண்டு மீட்டரில் ஒன்று, முன்னால் குறுக்குக் கோணத்தில் ஒன்று, நேர் பக்கவாட்டில் ஒன்று என்று மூன்று இடங்களில் எடுக்க வேண்டும். முட்டிச்சில்லின் நடுவிலும், இடுப்பின் பக்கவாட்டு எலும்பிலும் சிவப்பு எலக்ட்ரிக் டேப் துண்டு ஒட்டினால் வீடியோவை மெதுவாக ஓட்டும்போது எது முதலில் நகர்கிறது என்று சண்டை போட வேண்டியதில்லை.

இதற்குப் பிறகு நேராகச் சரியான இடத்துக்குப் போகவில்லை. ஜிம்மில் யார் பார்த்தாலும் சொல்வது ஒன்றுதான்: "முட்டியை வெளியே தள்ளுண்ணே!" சரி என்று 18 வெள்ளிக்கு முட்டிக்கு மேல் மாட்டும் ரப்பர் பட்டை வாங்கினேன். அதை மாட்டிக்கொண்டு பக்கவாட்டு நடை, படுத்து முட்டியை விரிப்பது, பட்டையோடு குந்துவது என்று சில வாரம் ஓடியது. புட்டத்தில் நன்றாக எரிச்சல் வந்தது, ஏதோ நடக்கிறது என்ற திருப்தியும் வந்தது. வீடியோவில் 125 கிலோவில் முட்டி பழையபடியே உள்ளே போனது.

அதைவிட மோசம், பாதம். வெளியே தள்ளு, வெளியே தள்ளு என்று தள்ளியதில் எடை முழுவதும் பாதத்தின் வெளி ஓரத்துக்குப் போய்விட்டது. பெருவிரல் தரையை விட்டுக் கிளம்பியிருந்தது. கோளாறே பாதத்தில்தான் என்று கண்டுபிடித்தது நான் இல்லை. எங்கள் ஜிம்முக்கு மாலையில் வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார், இளவயதில் எடை தூக்கியவர், எல்லாருக்கும் மாஸ்டர். அவர் வீடியோவை முழுதாகக்கூடப் பார்க்கவில்லை.

"முட்டியை எதுக்குப்பா திட்டுற? பாதத்தைப் பாரு. குதிகாலு தூக்குது."

உண்மைதான். பின்னாலிருந்து எடுத்த வீடியோவில், அடியைத் தொடும் கணத்தில் வலது குதிகால் மெலிதாகக் கிளம்பி, பாதம் உள்பக்கம் சரிகிறது. பாதம் சரிந்தால் முட்டி பின்னாலேயே போகிறது. வீல் அலைன்மெண்ட் போன வண்டிக்கு மாற்றி மாற்றிப் புது டயர் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அன்றைக்கே கணுக்காலை அளந்தோம். செலவில்லாத சோதனை: சுவரை நோக்கி ஒரு காலை முன்னே வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முட்டியால் சுவரைத் தொட வேண்டும். தொட முடிகிற கடைசித் தூரத்தில் பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளவுநாடாவில் பார்ப்பது. பத்து செ.மீ. அளவுக்கு வந்தால் பொதுவாகப் போதும் என்பார்கள். இடது கால் 10.5. வலது கால் 6. பல வருடங்களுக்கு முன்னால் மழையில் மோட்டார் சைக்கிளோடு சறுக்கி வலது கணுக்கால் சுளுக்கியது. வீக்கம் வடிந்ததும் மறந்துவிட்டேன், கணுக்கால் மறக்கவில்லை போலிருக்கிறது. முட்டி முன்னே போக அங்கே இடமில்லை. இடமில்லாததால் உள்ளே போகிறது, இடுப்பு இடம் இருக்கிற இடது பக்கம் ஒதுங்குகிறது. எடை லேசாக இருக்கும்போது இதையெல்லாம் உடம்பு எப்படியோ சமாளித்துவிடுகிறது. அதனால்தான் 100 கிலோ வீடியோக்கள் அத்தனையும் அழகாக இருந்தன.

கணுக்காலுக்கு இரண்டே பயிற்சி. ஒன்று, வலது பாதத்தைத் தாழ்ந்த பெஞ்சின் மேல் வைத்து, முட்டியின் மேல் 20 கிலோ தட்டை நிறுத்தி, குதிகாலை அழுத்தியபடியே முட்டியை விரலுக்கு முன்னால் தள்ளி அரை நிமிடம் நிற்பது. இரண்டு, படி விளிம்பில் நின்று மூன்று எண்ணி குதிகாலை இறக்கி, அடியில் நிறுத்தி, எழுவது. வெறுமனே கையால் இழுத்து நீட்டுவதைவிட எடை வைத்து நீட்டியதுதான் அளவுநாடாவில் தெரிந்தது. 6 மெதுவாக 8.5 ஆனது. அதற்கு மேல் இன்றுவரை ஏறவில்லை.

மீதிக் குறைக்குக் குதிகாலை உயர்த்த வேண்டும். எடை தூக்கும் ஷூவில் குதிகால் கிட்டத்தட்ட 19 மி.மீ. உயரமாக இருக்கும், அதற்காகவே. ஷூ விலையைப் பார்த்துவிட்டு, மரத்தில் செய்து பார்ப்போம் என்று முடிவு. முதலில் மிச்சமிருந்த பிளைவுட் துண்டைக் குதிகாலுக்கு அடியில் வைத்தேன். தட்டையான துண்டு, குதிகாலை மட்டும் தாங்குகிறது, பாதத்தின் நடுப்பகுதி அந்தரத்தில். 100 கிலோவில் எழும்போது இடது துண்டு அரை அங்குலம் வழுக்கியது. பாரை அப்படியே கம்பியில் இறக்கிவிட்டு வெளியே வந்தேன். ஒன்றரை சென்டிமீட்டர் கணக்கு அன்றைக்கு உதவியது.

அப்புறம் முறையாகச் செய்தோம். நாற்காலி மேசை செய்யும் பட்டறையில் ரப்பர் மரத் துண்டுகள் மூலையில் குவிந்து கிடக்கும். (பால் வற்றிய மரத்தை இருபத்தைந்து முப்பது வருடத்தில் வெட்டிவிட்டு மறுநடவு செய்வார்கள். பாட்டி காலத்தில் அது அடுப்புக்குப் போனது, இப்போது சோபாவுக்குப் போகிறது.) துண்டு இலவசம், தச்சர் கூலி 20 வெள்ளி. ஒவ்வொரு காலுக்கும் 32 செ.மீ. நீளம், 12 செ.மீ. அகலம். குதிகால் பக்கம் 20 மி.மீ., விரல் பக்கம் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்கிற அளவுக்குச் சாய்வு. முழு ஷூவும் அதன்மேல் உட்கார்ந்துவிடும், அந்தரத்தில் எதுவும் தொங்காது. அடியில் பழைய மோட்டார் டியூபை வெட்டி ஒட்டினேன், பசை 6 வெள்ளி. மேல்பக்கம் வார்னிஷ் பூச வேண்டாம். தச்சர் ஆசையாகப் பூசிக் கொடுத்தார், வழுக்குகிறது என்று உப்புத்தாள் போட்டு நான் சுரண்ட வேண்டியதாயிற்று.

வலது கணுக்கால்தானே பிரச்சினை, வலது பக்கம் மட்டும் கட்டை வைக்கலாமே என்று ஒரு தம்பி கேட்டான். வைத்துப் பார்த்தோம், 60 கிலோவில். ஒரு கால் நீளமாகிப்போன மாதிரி இடுப்பே சாய்ந்தது. இரண்டு பக்கமும் ஒரே உயரம்தான்.

பாதம் வைக்கும் கோணமும் மாறியது. முன்பு விரல்கள் ஏறக்குறைய நேராக, 10 டிகிரியில் இருந்தன. மகளின் கோணமானியை வாங்கி, பிளைவுட்டில் 15, 20, 25, 30 என்று மார்க்கரால் கோடு போட்டு ஒவ்வொன்றிலும் குந்திப் பார்த்தேன். குதிகால்கள் தோள் அகலத்தில், விரல்கள் 25 டிகிரி வெளியே. எனக்கு அதில்தான் இடுப்பு அடியில் சுருண்டுகொள்ளாமல், முட்டியும் இரண்டாம் விரலுக்கு மேலேயே நின்றது. இடுப்புக் குழியின் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறு. என் கோட்டில் வந்து நின்ற தம்பிக்கு 15 தான் பொருந்தியது. அந்தக் கோடுகள் இப்போதும் மேடையில் இருக்கின்றன, பக்கத்தில் ஆளாளுக்குப் பெயர் முதலெழுத்து எழுதிவைத்திருக்கிறார்கள்.

பாதத்துக்கு மாஸ்டர் சொன்னது: பெருவிரல் அடி, சுண்டுவிரல் அடி, குதிகால், மூன்றும் தரையில் அழுந்தியிருக்க வேண்டும். "முட்டியை வெளியே" என்பதை அதோடு நிறுத்தினேன். பெருவிரல் அழுந்தியிருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டேன். இதுவும் கட்டையும் சேர்ந்து 125 கிலோவில் வலது முட்டியைச் சரிக்குக் கொண்டுவந்தன.

முட்டி துளிக்கூட உள்ளே வரக்கூடாது என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. ஒலிம்பிக்கில் தூக்குகிறவர்களை மெதுவாக ஓட்டிப் பார்த்தால், அடியிலிருந்து கிளம்பும்போது பலருக்கும் முட்டி லேசாக உள்ளே வந்து திரும்புகிறது. ஆழத்தில் இடுப்பை நீட்டும் வேலையில் உள்தொடைத் தசைக்கும் பெரிய பங்கு உண்டு, அது இழுக்கத்தானே செய்யும். நான் வைத்துக்கொண்ட எல்லை இவ்வளவுதான்: முட்டி பெருவிரலைத் தாண்டி உள்ளே போகக்கூடாது, உடனே திரும்பிவிட வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

இதில் எல்லாம் சரியாகிவிடும் என்று பார்த்தால், 135-இல் இடுப்பு பழையபடி முதலில் கிளம்பியது. அது வேறு கோளாறு. இதற்குத்தான் நாள் பிடித்தது.

டெட்லிப்டில், அதாவது தரையில் கிடக்கும் பாரைத் தூக்கி நிமிர்வதில், நான் 190 இழுப்பேன். முன்பக்க ஸ்குவாட், அதாவது பாரைத் தோளின் முன்னால் தாங்கிக் குந்துவது, அதில் 75 தான் போக முடிந்தது. பின்பக்க ஸ்குவாட்டில் 80 சதவீதத்துக்கு மேல் முன்பக்கத்தில் வர வேண்டும் என்பது பயிற்சியாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. எனக்குச் சரிபாதி. கொஞ்சம் பழக்கமின்மை என்று வைத்தாலும் விஷயம் வெட்டவெளிச்சம்: தொடையின் முன்தசை தாங்கவில்லை, அதனால் உடம்பு முட்டியைச் சட்டென்று நீட்டிவிட்டு, பாரத்தைப் பலமுள்ள இடத்துக்கு, இடுப்புக்கும் முதுகுக்கும், தள்ளிவிடுகிறது. "நெஞ்சை நிமிர்த்து" என்று கத்தினால் கீழ்முதுகு வளைகிறதே தவிர இடுப்பு நிற்கவில்லை.

அதனால் எடையை 100-க்கு இறக்கினேன். மூன்று எண்ணி இறங்கி, அடியில் இரண்டு எண்ணி நின்று, எழுவது. ஐந்து தடவை, நாலு செட். நிற்பதில் ஏமாற்ற முடியாது. குதித்து எழும் வேகம் இல்லாததால் முட்டி எங்கே இருக்கிறது என்று அங்கேயே உணர முடிகிறது. பாரையும் முதுகில் இரண்டு விரற்கடை மேலே ஏற்றினேன். முன்பு தோள்பட்டைக்குக் கீழே அதிகமாக இறக்கி வைத்திருந்ததில் உடம்பு தானாகவே முன்னால் சாய்ந்துகொண்டிருந்தது. எழும்போது மனதில் வைத்த ஒரே வார்த்தை "பாரை இடி": மேல்முதுகால் பாரைப் பின்னும் மேலும் இடிப்பது. இது எனக்கு வேலை செய்தது.

வாரத்தின் இரண்டாவது நாள் முன்பக்க ஸ்குவாட். மணிக்கட்டு மடங்க மறுத்ததால் பாரில் கைப்பட்டை இரண்டைச் சுற்றி, அதைப் பிடித்துக்கொண்டேன். 75-இல் தொடங்கி 110 வரை வந்திருக்கிறது. முன்பக்கத்தில் நெஞ்சு சாய்ந்தால் பார் உருண்டு கீழே போய்விடும், அதனால் யாரும் கத்திச் சொல்லித்தர வேண்டியதில்லை. கூடவே ஒற்றைக்கால் குந்துதல், கையில் டம்பெல்லோடு. வலது காலில் தொடங்கி, வலது எத்தனை முடிகிறதோ அத்தனையே இடதுக்கும்.

லேசான எடையில் கோளாறு ஒளிந்துகொள்வதால், பத்து நாளைக்கு ஒருமுறை போல 130 பக்கம் ஏற்றி ஒரே ஒரு தடவை எழுந்து வீடியோவில் பார்ப்போம். எடையை ஏற்றுவதா வேண்டாமா என்பதை அந்த வீடியோதான் முடிவுசெய்யும். நன்றாகத்தான் இருந்தது என்று எனக்குத் தோன்றிய பல தூக்குகள் வீடியோவில் பல்லை இளித்தன. இடுப்பு முந்தினால் அடுத்த முறை ஐந்து சதவீதம் குறைப்பு, பேச்சுக்கே இடமில்லை.

130-க்கு மேல் இன்னொரு சிக்கல். எங்களிடம் உள்ள மிகச் சிறிய தட்டு 1.25 கிலோ, அதாவது ஒரு தாவலுக்கு 2.5 கிலோ. 132.5 சுத்தமாக வரும், 135 உடையும். ஹார்ட்வேர் கடையில் துத்தநாகம் பூசிய சங்கிலியைத் தராசில் நிறுத்து அரை அரை கிலோவாக இரண்டு துண்டு வெட்டி வாங்கினேன், 12 வெள்ளி. பாரின் இரு முனையிலும் தட்டோடு சேர்த்துக் கட்டினால் இடையில் ஒரு கிலோ மட்டும் ஏற்றலாம். சத்தம்தான் கொஞ்சம் அதிகம். கடைசித் தட்டுக்கு வெளியே பூட்டு போட்டு, தொங்கி ஆடாமல் இறுக்கிக் கட்ட வேண்டும்.

கட்டையில் 135 வரை போனேன். கனம் கூடக் கூட மரத்தின்மேல் ஏறி, பின்னால் நகர்ந்து, பாதம் சரியாக உட்கார்ந்ததா என்று பார்ப்பதே ஒரு வேலையாகிவிட்டது. கடைசியில் 320 வெள்ளிக்கு ஷூ வாங்கிவிட்டேன். பிளைவுட் 110, பட்டை 18, தச்சர் 20, பசை 6, சங்கிலி 12, டேப் 3, ஷூ 320. மொத்தம் 489 வெள்ளி. திரும்பச் செய்வதாக இருந்தால் பட்டையை வாங்க மாட்டேன். சுவர்ச் சோதனையை முதல் நாளே செய்வேன், அதற்கு ஒரு காசும் வேண்டாம். கட்டையை மட்டும் மறுபடியும் செய்வேன், குதிகால் உயரம் நமக்கு உதவுகிறதா என்று 320 வெள்ளியைக் கொடுப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ள 26 வெள்ளி மோசமில்லை. முன்பக்க ஸ்குவாட்டையும் கணுக்கால் வேலையோடு சேர்த்தே தொடங்குவேன். ஒன்று முடிந்து ஒன்று என்று போனதில் மாதங்கள் ஓடின.

முழுதாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். 140 சுத்தம். 145-இல் இடுப்பு இன்னும் இடது பக்கம் கொஞ்சம் ஒதுங்குகிறது, வலது கணுக்கால் 8.5-லேயே நிற்கும்வரை ஒதுங்கத்தான் செய்யும் என்று நினைக்கிறேன். பழைய 150-ஐ இன்னும் தொடவில்லை. முன்பக்கத்தில் 115 வந்த பிறகுதான் அதை ஏற்றுவது என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். கட்டைகள் இப்போது செம்பனைக் குலை வெட்டும் தம்பி ஒருவனிடம் இருக்கின்றன. அவனுக்கு இரண்டு கணுக்காலும் 7 செ.மீ.தான்.